தேவ தீபாவளி இரவில் காசி: எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

கேட்டிருப்பது இது: "எழுபதை நெருங்கும் அம்மாவை அழைத்துக்கொண்டு தேவ தீபாவளிக்குக் காசி போகலாம் என்று இருக்கிறேன். படகு எடுப்பதா, படித்துறையில் நிற்பதா? தசாஸ்வமேதத்தில் ஆரத்தி பார்த்தால் போதுமா? அந்தக் கூட்டத்தை அம்மாவால் தாங்க முடியுமா?"

படித்துறைகள் முழுக்க விளக்கேற்றும் அந்தப் பௌர்ணமி இரவுக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் தினமும் ஆரத்தி நடக்கும் பெரிய படித்துறையான தசாஸ்வமேதத்தை அன்றைக்கு மறந்துவிடுங்கள், பெரிய படகையும் மறந்துவிடுங்கள். கேதார் காட்டுக்கும் அனுமன் காட்டுக்கும் ('காட்' என்றால் அங்கே படித்துறை) இடையில் ஏதாவது ஒரு சிறிய படித்துறையில், பிற்பகல் மூன்று மணிக்கே அம்மாவுக்கு ஓர் இடம் பிடித்து உட்கார வைத்துவிடுங்கள். காசியில் சில ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற முறையில் இதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். கேட்பவர்கள் குறைவு.

முதலில் நேரம். வருகிறவர்களில் பாதிப் பேர் கோட்டை விடுவது இதில்தான். திருவிழா இரவு என்றதும் நம்மூர்த் தெப்பத்தையும் தேர்க்காட்சியையும் மனதில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குக் கிளம்புகிறார்கள். நவம்பர் மாதக் காசியில் ஐந்தேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும். விளக்கேற்றுவது அப்போதே தொடங்குகிறது. சின்ன அகலில் ஊற்றும் எண்ணெய் எவ்வளவு நேரம் தாங்கும்? எட்டு மணிக்கு நீங்கள் வந்து சேரும்போது படிகளில் பாதி விளக்குகள் அணைந்து, கரித்திரிகள்தான் மிச்சம் இருக்கும். வாணவேடிக்கையும் லேசர் ஒளியும் கிடைக்கும். அதற்காக அவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரைதான் இந்தத் திருவிழாவின் உயிர். அதற்குக் காரணம் அந்த ஊரின் அமைப்பு. தெற்கிலிருந்து வரும் கங்கை காசியில் வடக்கு நோக்கி வளைந்து ஓடுகிறது. எண்பத்து நான்கு படித்துறைகளும் மேற்குக் கரையில், கிழக்கு பார்த்தபடி, அஸ்ஸியிலிருந்து ஆதிகேசவர் கோவில் வரை பிறைபோல வளைந்து கிடக்கின்றன. நேர் எதிரே அக்கரையில் கட்டடமே இல்லை, வெறும் மணல்வெளி. பௌர்ணமியன்று சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், மாளிகைகளுக்கு அப்பால் இறங்குகிறது. ஏறக்குறைய அதே நேரத்தில் நிலா அந்த மணலுக்கு மேல் எழுகிறது. மூட்டம் இருந்தால் முதலில் செம்புத் தட்டு நிறத்தில், தட்டையாகத் தெரியும். நீரில் அதன் தடம் இன்னும் விழுந்திருக்காது. அதற்குள் கீழ்ப்படிகளில் விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். இந்தக் கால் மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். படகுச் சத்தம் அப்போதும் காதைத் துளைக்கும், அதை ஒன்றும் செய்ய முடியாது.

நாளைப் பற்றி. வடநாட்டுக் கார்த்திக் மாதத்துப் பௌர்ணமி, தீபாவளிக்குப் பதினைந்து நாள் கழித்து வருவது. நம் பஞ்சாங்கத்தில் சில ஆண்டுகளில் அது ஐப்பசிப் பௌர்ணமியாக அமையும். 2024 நவம்பர் 15, 2025 நவம்பர் 5 இரண்டும் அப்படித்தான். அங்கே விளக்கு, இங்கே சிவன் கோவில்களில் அன்னாபிஷேகம். 2026-இல் நவம்பர் 24, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கே நமக்குத் திருக்கார்த்திகையும் சேர்ந்து வருகிறது. வீட்டு வாசலில் விளக்கேற்ற முடியவில்லையே என்று அம்மா குறைபட்டால், கங்கைப் படியில் ஏற்றலாம் என்று சொல்லிச் சமாதானப்படுத்துங்கள். ஒரு எச்சரிக்கை: கிரகணம் குறுக்கிட்டால் நாள் மாறும். 2022-இல் நவம்பர் 8 சந்திர கிரகணம் என்பதால் விழாவை ஏழாம் தேதியே நடத்திவிட்டார்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். திரிபுரம் எரித்த கதை. நாம் அதைத் திருவதிகை வீரட்டானத்தோடு சேர்த்துப் பேசுகிறோம். காசிக்காரர்கள் இந்தப் பௌர்ணமியோடு சேர்த்து 'திரிபுராரி பூர்ணிமா' என்கிறார்கள். வெற்றியைக் கொண்டாடத் தேவர்கள் இறங்கி வந்து கங்கையில் நீராடுவதாக நம்பிக்கை. அவர்களுக்கு வழிகாட்டத்தான் விளக்கு.

ஆனால் இன்று பார்க்கும் இந்த வடிவம், அதாவது அஸ்ஸி முதல் ராஜ்காட் வரை ஒரு படிகூட விடாமல் விளக்கு வைப்பது, பழங்காலத்து வழக்கம் அல்ல. 1980களின் நடுவில் பஞ்சகங்கா காட்டைச் சேர்ந்தவர்கள் தங்கள் துறையில் தொடங்கியது, பக்கத்துத் துறைகளுக்குப் பரவி, பிறகு மாநில அரசின் விழாவாக ஆனது. இப்போது பத்து லட்சத்துக்கு மேல் விளக்குகள் என்று அரசுத் தரப்பில் சொல்கிறார்கள். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. ஆயிரம் ஆண்டுப் பழமை என்று நம்பி வந்திருப்பார்கள். எனக்கு அதில் ஏமாற்றம் எதுவும் இல்லை. ஒரு தெருக்காரர்கள் கூடி ஆரம்பித்தது, நாற்பது ஆண்டுகளுக்குள் ஊர் முழுவதும் பற்றிக்கொண்டது என்பது எனக்கு இன்னும் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

பழையது வேண்டும் என்றால் அதே பஞ்சகங்காவில் இருக்கிறது. கார்த்திக் மாதம் முழுவதும் விடியற்காலை நீராடும் வழக்கமும், மூங்கில் கம்பங்களின் உச்சியில் சிறு கூடைகளில் விளக்கு வைத்துக் கயிற்றால் ஏற்றும் 'ஆகாச தீப' வழக்கமும் பழையவை. முன்னோர்களுக்கு வழி தெரிவதற்காக ஏற்றுவது அது. அந்தத் துறையில் அகல்யாபாய் ஹோல்கரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல் தீபத்தூண் ஒன்று நிற்கிறது. 'ஹஜாரா' என்பார்கள். தூண் முழுக்க வரிசை வரிசையாக விளக்கு வைக்கும் மாடங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆண்டு முழுவதும் காக்கை உட்காரும் அந்தத் தூணை அந்த ஒரு மாலையில் ஏற்றும்போது பார்க்க வேண்டும். ஆனால் அம்மாவை அங்கே அழைத்துப் போக மாட்டேன். படிகள் செங்குத்து, அங்கிருந்து சாலைக்கு ஏறும் சந்துகள் குறுகல், கூட்டம் நெருக்கித் தள்ளும். நீங்கள் மட்டும் முந்தின நாள் மாலை போய்விட்டு வாருங்கள். ஆகாச தீபங்களை அப்போதே பார்க்கலாம்.

அம்மாவுக்குக் கேதார் காட் பகுதியைச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, மொழி. அந்தச் சந்துகளில் தமிழும் தெலுங்கும் வங்காளமும் காதில் விழும். கேதார் காட்டில் குமரகுருபரர் நிறுவிய குமாரசாமி மடம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிருந்து போய் மன்னரிடம் இந்துஸ்தானியில் பேச வரம் வேண்டிச் சகலகலாவல்லி மாலை பாடினார் என்று சொல்வோமே, அந்தக் குமரகுருபரர்தான். அனுமன் காட்டில் 1898-இல் தந்தையை இழந்த பின் பாரதி வந்து தங்கிப் படித்த அத்தை வீடு இருக்கிறது. தென்னிந்தியக் கோபுரத்தோடு ஒரு காமகோடீஸ்வரர் கோவிலும் அங்கேயே. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற ஊரிலிருந்து வந்த வயதானவர்களுக்கு அந்தப் பக்கத்தில் பயம் தெளிந்துவிடுகிறது. இரண்டாவது காரணம், மேலே சோனார்புரா சாலை பக்கம். அவசரம் என்றால் ஏறிப் போய்விடலாம். ஏறும்போது நிதானமாக நின்று நின்று ஏறச் சொல்லுங்கள். காசிப் படிகள் ஒரே உயரத்தில் இருப்பதில்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கேதாருக்குப் பக்கத்திலேயே அரிச்சந்திரன் காட். அன்றைக்கும் அங்கே சிதைகள் எரியும். மணிகர்ணிகையிலும் அப்படியே. விழா நாள் என்று ஒரு நாளும் நிறுத்துவதில்லை. விளக்கு வரிசை அந்தத் துறைக்கு வரும்போது, மேல்படியில் யாரோ விளக்கு ஏற்றிக்கொண்டிருப்பார்கள். கீழே நீரோரம் இன்னொரு குடும்பம் மழித்த தலையோடு நின்றுகொண்டிருக்கும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதும் இல்லை, விலகிப் போவதும் இல்லை. அம்மாவுக்கு இது எப்படிப்படும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். சில பெரியவர்கள் அங்கேயே அரை மணி நேரம் நின்று பார்க்கிறார்கள். சிலருக்கு ஆகாது. ஆகாது என்றால் கேதாரின் வடக்குப் பக்கத்தில் உட்காருங்கள், கண்ணில் படாது.

சரி, மூன்று மணிக்கே ஏன் வரச் சொல்கிறேன்? விளக்கு எரிவதைவிட விளக்கு வைப்பது அழகு என்பதால்தான். மழைக்கால வெள்ளம் வடிந்த பின் படிகளில் ஆள் உயரத்துக்கு வண்டல் படிந்திருக்கும். பம்பு வைத்து நீரைப் பீய்ச்சி அதையெல்லாம் ஆற்றுக்குள் தள்ளி, வாரக்கணக்கில் கழுவி முடித்திருப்பார்கள். விழாவன்று பிற்பகலில் சாக்கு மூட்டைகளில் அகல்கள் வந்து இறங்கும். பள்ளிச் சீருடையிலேயே பிள்ளைகள் வருவார்கள். ஒருவன் அகலை வரிசையாக அடுக்கிக்கொண்டே போவான், பின்னாலேயே ஒரு பெண் எண்ணெயில் ஊறிய திரிகளைப் பாத்திரத்திலிருந்து எடுத்து ஒவ்வொன்றிலும் நுனி வெளியே நீட்டும்படி அழுத்தி வைப்பாள், அவளுக்குப் பின்னால் கூஜாவின் மூக்கு வழியாகக் கடுகெண்ணெய் ஊற்றுகிற பெரியவர். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத் திரியின் முகத்தைத் திருப்பச் சொல்லி அவர் அதட்டிக்கொண்டே வருவார். நடுவில் ஒரு ஆடு வந்து வரிசையைக் கலைத்துவிட்டுப் போகும். காசி ஆடுகளுக்கு யாரிடமும் பயம் கிடையாது. நீங்களும் கைகொடுக்கலாம், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அம்மா கையில் ஒரு பெட்டித் திரியைக் கொடுத்துப் பாருங்கள். அதற்கப்புறம் கூட்டம், குளிர், கால்வலி எதுவும் அவர் வாயிலிருந்து வராது.

எண்ணெய் என்றதும் ஒரு விஷயம். அத்தனை விளக்குகளிலிருந்தும் சிந்துகிற எண்ணெய் படிகளில்தான் கிடக்கும். வழுவழுவென்ற கல், அதன்மேல் எண்ணெய், அதன்மேல் இருட்டு. ரப்பர் அடி உள்ள செருப்பு வேண்டும். புடவைத் தலைப்பைச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசி மூன்று படிகளுக்குக் கீழே இறங்கவே வேண்டாம். நீருக்கடியில் இருக்கும் படிகளில் பாசி. தொன்னையில் பூவும் விளக்கும் வைத்து விற்கிற சிறுமிகளிடம் ஒன்று வாங்கினால், மிதக்கவிடும் வேலையை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

ஆரத்தியைப் பற்றி. தசாஸ்வமேதத்தில் வழக்கமாக ஏழு பேர் நடத்தும் ஆரத்தியை அன்று 21 பேர் நடத்துவார்கள். போரில் உயிர்நீத்த வீரர்களுக்கு மலர்வளையம் வைக்கும் நிகழ்ச்சியும் அங்கே உண்டு. பிரமாண்டம்தான். ஆனால் இடம் கிடைக்க நண்பகலிலேயே போய் உட்கார வேண்டும், ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்து கழிப்பறைக்குப் போக முடியாது. அந்த ஆரத்தி தினமும் மாலையில் நடப்பது, இப்போதைய வடிவம் 1990களில் வந்தது. முந்தின நாளோ மறுநாளோ நிதானமாகப் பார்க்கலாம். எனக்கு இன்னும் பிடித்தது அஸ்ஸியில் விடியற்காலையில் நடப்பது. 'சுபஹ்-ஏ-பனாரஸ்' என்று 2014-இல் தொடங்கினார்கள். ஆரத்தி முடிந்ததும் யாராவது ஒருவர் உட்கார்ந்து காலை ராகம் ஒன்றைப் பாடுவார் அல்லது வாசிப்பார்.

இனி படகு. நீரிலிருந்து பார்த்தால் முழு வளைவும் ஒரே பார்வையில் தெரியும் என்பது உண்மை. படத்தில் நீங்கள் பார்த்ததெல்லாம் அப்படி எடுத்ததுதான். நடைமுறை வேறு. அன்று மாலை ஆற்றில் இருக்கும் எல்லாப் படகும் வெளியே வந்திருக்கும். இரண்டடுக்குப் 'பஜ்டா'க்கள், மோட்டார் படகுகள், துடுப்புப் படகுகள் எல்லாம் தசாஸ்வமேதத்துக்கு எதிரே வந்து சிக்கிக்கொள்ளும். உங்கள் படகுக்கும் விளக்குக்கும் நடுவில் நாலு படகு, ஒவ்வொன்றிலும் எழுந்து நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள். கட்டணம் மற்ற நாளைவிடப் பல மடங்கு. பேசி முடித்த தொகை படகில் ஏறும்போது ஒன்றாகவும் இறங்கும்போது ஒன்றாகவும் மாறுவதை நானே பார்த்திருக்கிறேன். நள்ளிரவு வரை இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

இருந்தாலும் ஒருமுறை ஆற்றில் போகத்தான் வேண்டும் என்று தோன்றினால், இப்படிச் செய்யுங்கள். சிறிய படகாகப் பாருங்கள், முந்தின நாளே படகோட்டியைக் கண்டு பேசுங்கள், முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். நாலரைக்கு அஸ்ஸி பக்கத்தில் ஏறி, கேதார் வரை மட்டும் போய், ஆறரைக்குள் ஏறிய இடத்திலேயே இறக்கிவிட வேண்டும் என்று சொல்லுங்கள். அந்தப் பாதையில் சேத் சிங் கோட்டை வருகிறது. 1781-இல் வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆட்களிடமிருந்து காசி மன்னர் சேத் சிங் தப்பி ஆற்றில் இறங்கியது அங்கிருந்துதான். இப்போது அந்தச் சுவரில் ஒளிக்காட்சி காட்டுகிறார்கள். சுவரே போதும் என்பது என் எண்ணம். மிதவை அங்கி கட்டாயம். அம்மாவுக்கு அது பிடிக்காது, ஆனாலும் விடாதீர்கள்.

ஒலிபெருக்கிகளைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு படித்துறைக்கும் ஒரு கமிட்டி, ஒவ்வொரு கமிட்டிக்கும் ஒரு மேடை, மேடைக்கு ஒரு பாட்டு. இரண்டு துறைக்கு நடுவில் நின்றால் இரண்டு பஜனைகளும் சேர்ந்து எதுவும் புரியாது. எதிர் மணலில் வெடிக்கிற வாணத்தின் புகை, காற்று இல்லாத ஆண்டுகளில், சற்று முன் ரசித்த அதே நிலாவை மறைத்துவிடும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் ஏழு மணிக்கெல்லாம் மேலே ஏறிவிடுவது நல்லது. அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தால் முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்புவதற்கும் திட்டம் வேண்டும். அன்று பிற்பகலிலிருந்தே கோதௌலியா, மைதாகின் பக்கங்களில் வண்டிகளை விட மாட்டார்கள். ஆட்டோ கிடைக்கும் இடத்துக்கு நடந்துதான் போக வேண்டும். ஆகவே தங்கும் இடம் படித்துறையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் கோதௌலியா பக்கம் இருக்கிறது. 1813 முதல் விசுவநாதருக்குத் தினமும் பூஜைப் பொருள்கள் கொண்டுபோகிறவர்கள். "சம்போ மகாதேவா" என்று சொல்லிக்கொண்டு அவர்கள் சந்துகளில் போவதை ஒருநாள் பார்த்துவிடுங்கள். அங்கேயும் அனுமன் காட் மடங்களிலும் அறைக்கு மாதக்கணக்கில் முன்பே கேட்டு வைக்க வேண்டும். கூட்டத்தில் கைப்பேசிச் சிக்னல் கிடைக்காது. பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று ஓர் இடத்தை முதலிலேயே பேசி, தங்கும் இடத்தின் முகவரியை இந்தியில் எழுதி அம்மாவின் பையில் வைத்துவிடுங்கள். மாலையில் குளிர் இறங்கும், சால்வை தேவை.

ரயில் என்றால் சென்னையிலிருந்து கங்கா காவேரி, ராமேஸ்வரத்திலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் பனாரஸ் நிலையத்துக்கு வாராந்திர வண்டிகள் உண்டு. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேருவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள்; பயணக் களைப்போடு அம்மாவை அந்தக் கூட்டத்தில் இறக்க வேண்டாம். ஏகாதசியிலிருந்தே கங்கா மகோத்சவம் என்று கச்சேரிகள் நடக்கும், பொழுது போகும்.

விசுவநாதர் தரிசனத்தைப் பௌர்ணமியன்று வைக்காதீர்கள், மறுநாளும் வேண்டாம். வெளியூர்க் கூட்டம் கிளம்பிய பிறகு ஒரு காலை போதும். கங்கையில் நீராட வேண்டும் என்றால் பௌர்ணமியன்று விடியலில் கேதார் காட்டிலேயே, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இரண்டு முழுக்கு. மறுநாள் காலை எட்டு மணிக்குள் தடேரி பஜார் பக்கம் போனால் 'மலையோ' கிடைக்கும்: பனியில் வைத்துக் கடைந்த பால்நுரை, குங்குமப்பூ போட்டு மண் குவளையில் தருவார்கள். குளிர்காலத்தில் மட்டும் கிடைப்பது, வெயில் ஏறினால் கரைந்துவிடும். சர்க்கரை நோய் இருந்தால் அம்மாவுக்கு இரண்டு கரண்டி, மீதி உங்களுக்கு.